காற்று தடுக்கும் கதிரைத் தரையிலிருந்து காண்பது எப்படி? காவலூரிலிருந்து இறங்கும்போது எழுந்த ஒரு கேள்வி

ஆலங்காயம் ஆசிரியர் | சனி, இரவு 10:40

அனைவருக்கும் வணக்கம். ஆலங்காயத்தை அடுத்த ஓர் அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். சென்ற வாரம் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களை ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். 1986-இல் இயங்கத் தொடங்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கியின் கீழே நின்று எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். திரும்பும்போது, மலைச்சாலை வளைவுகளில் பேருந்து மெதுவாக இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், பின் இருக்கையில் இருந்த ஒரு மாணவி எழுந்து வந்து என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டாள்.

முதல் கேள்வி: "விண்ணிலிருந்து வரும் காமா கதிர்களை வளிமண்டலம் முழுவதுமாகத் தடுத்துவிடுகிறது என்று வகுப்பில் சொன்னீர்கள். லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில் காமா கதிர் தொலைநோக்கியைத் தரையில் நிறுத்தியிருப்பதாகச் செய்தியில் படித்தேன். இரண்டில் எது சரி, ஐயா?" இரண்டாவது கேள்வி: "காவலூரில் இவ்வளவு வசதி இருக்கும்போது அதை ஏன் நம் மலையில் வைக்கவில்லை?"

முதல் கேள்விக்கு எனக்குத் தெரிந்த வரையில் ஒரு விடை சொன்னேன். அது எனக்கே நிறைவாக இல்லை. இரண்டாவதற்கு "உயரம் போதாது" என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டேன். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை என்பதை முகத்தில் கண்டேன். திங்கள்கிழமை வகுப்புக்குள் செல்வதற்கு முன் இதைச் சரியாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கதிர்அளவி | சனி, இரவு 11:25

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். வேலூரில் ஒரு மருத்துவமனையில் மருத்துவ இயற்பியலாளராகப் பணியாற்றுகிறேன். காமா கதிரை அளப்பதே என் அன்றாட வேலை. மாணவி கேட்டதில் இரண்டுமே சரி.

முதலில் தடுப்பது பற்றி. நம் தலைக்கு மேல் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீதும் ஏறத்தாழ ஒரு கிலோ காற்று நிற்கிறது. எடைக் கணக்கில் பார்த்தால் இது பத்து மீட்டர் ஆழத் தண்ணீருக்கோ, சுமார் 90 சென்டிமீட்டர் தடிமன் கொண்ட ஈயத்துக்கோ சமம். எங்கள் சிகிச்சை அறைகளுக்குக் கூட இவ்வளவு தடுப்பு கிடையாது. ஆகவே எந்தக் காமா கதிரும் அப்படியே தரைக்கு வந்து சேராது என்று நீங்கள் சொன்னது உண்மை.

ஆனால் "தடுக்கிறது" என்ற சொல் ஒரு சுவரை நினைவூட்டுகிறது. பிழை அங்கேதான் நுழைகிறது. காற்று அந்தக் கதிரின் ஆற்றலை வாங்கி, அதை வேறு உருவில் வெளியிடுகிறது. எங்கள் அணு மருத்துவப் பிரிவில் இருக்கும் காமா கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளிக்குச் செலுத்தப்படும் டெக்னீசியம்-99எம் வெளிவிடும் காமா கதிரின் ஆற்றல் 1,40,000 எலக்ட்ரான் வோல்ட் (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு). அதை இந்தக் கேமரா நேரடியாகப் படம் பிடிப்பதில்லை. கதிர் சோடியம் அயோடைடு படிகத்தில் விழுந்து நின்றுபோகிறது. நின்ற இடத்தில் படிகம் ஒரு கணம் நீலமாக ஒளிர்கிறது. படிகத்தின் பின்னால் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும், மங்கலான ஒளியையும் மின் துடிப்பாக மாற்றும் போட்டோமல்டிபிளையர் குழாய்கள் அந்த ஒளியைப் பார்க்கின்றன. கதிர் படிகத்தில் தடுக்கப்பட்டால்தான் எங்களுக்குப் படமே கிடைக்கும்; தடுக்கப்படாமல் கடந்து போன கதிரால் எங்களுக்கு எந்தப் பயனும் இல்லை.

ஹான்லேயிலும் இதே ஏற்பாடுதான். அங்கே படிகத்தின் இடத்தில் இருப்பது காற்று.

மிக உயர் ஆற்றல் காமா கதிர் என்று சொல்லப்படுவது ஏறத்தாழ 100 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்து 100 டெரா எலக்ட்ரான் வோல்ட் வரை. ஒரு ஜிகா என்பது நூறு கோடி, ஒரு டெரா என்பது ஒரு லட்சம் கோடி. புற்றுநோய்ச் சிகிச்சையில் நெடுங்காலம் பயன்பட்ட கோபால்ட்-60 தரும் கதிரைப் போல, ஒரு டெரா எலக்ட்ரான் வோல்ட் கதிர் எட்டு லட்சம் மடங்கு ஆற்றல் உடையது. அத்தகைய ஒரு கதிர் காற்றின் மேல் அடுக்குகளில் ஓர் அணுக்கருவின் அருகே செல்லும்போது எலக்ட்ரானும், அதன் நேர்மின்னூட்ட இணையான பாசிட்ரானும் கொண்ட ஒரு சோடியாக மாறுகிறது. அந்த இரண்டும் மேலும் காமா கதிர்களை வெளிவிட, அவை மீண்டும் சோடிகளாகப் பிரிய, சில பத்து மைக்ரோ வினாடிகளில் துகள்களின் ஒரு மழையே உருவாகிறது. ஒரு டெரா ஆற்றல் கொண்ட கதிரின் மழை தரைக்கு மேல் பத்து கிலோமீட்டர் அளவில் உச்சத்தை அடைந்து, கீழே வருமுன் வற்றிப்போகிறது. ஆனால் அத்துகள்கள் காற்றில் ஒளி செல்லும் வேகத்தைவிடச் சற்று அதிக வேகத்தில் செல்வதால், செல்லும் வழியெல்லாம் செரென்கோவ் ஒளி எனப்படும் மெல்லிய நீல ஒளியைச் சிந்துகின்றன. துகள்கள் மேலேயே முடிந்துவிட்டாலும் அந்த ஒளி தரைக்கு வந்து சேர்கிறது. தொலைநோக்கி பார்ப்பது அதைத்தான்.

பாலாற்றங்கரை | ஞாயிறு, காலை 6:50

வணக்கம். ராணிப்பேட்டையில் வசிக்கிறேன். வங்கித் தணிக்கைத் துறையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். வானியல் எனக்குப் பிற்காலத்து ஆர்வம். கதிர்அளவி அம்மையாரின் விளக்கம் மிகத் தெளிவாக உள்ளது. ஆனால் கணக்கு இல்லாமல் என் மனம் அமைதி கொள்வதில்லை. அந்த ஒளி எவ்வளவு வருகிறது? எவ்வளவு நேரம் நிற்கிறது? விண்மீன்களின் ஒளி, நிலவொளி, ஊர் விளக்குகளின் ஒளி எல்லாம் கலந்து கிடக்கும் இரவில், இது காமா கதிர் விளைவித்த ஒளிதான் என்று எந்த ஆதாரத்தில் பதிவு செய்கிறார்கள்?

பனிமலைப் பணி | ஞாயிறு, காலை 9:15

ஐயா, அம்மா, வணக்கம். குடியாத்தம் என் சொந்த ஊர். இத்துறையில் ஆய்வு மாணவனாக இருந்தபோது ஹான்லேயில் சில நோக்குப் பருவங்களைக் கழித்திருக்கிறேன். தணிக்கை ஐயாவின் கேள்விகள்தாம் இத்துறையின் உயிர் என்பதால் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

ஒரு டெரா ஆற்றல் கொண்ட ஒரு காமா கதிர் விளைவிக்கும் ஒளி, தரையில் சுமார் 120 மீட்டர் ஆரம் கொண்ட வட்டத்தில் பரவி விழுகிறது. அந்த வட்டத்துக்குள் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய நூறு ஒளித்துகள்கள் மட்டுமே கிடைக்கும். நேரமோ சில நானோ வினாடிகள், அதாவது ஒரு வினாடியின் நூறு கோடியில் சில பங்குகள். கண்ணால் பார்க்க முடியாததற்கு மங்கலாக இருப்பதைவிட இந்தக் குறுமையே பெரிய காரணம். கேமராவின் மின்னணுக் கதவை அந்தச் சில நானோ வினாடிகளுக்கு மட்டும் திறந்து மூடினால், அவ்வளவு சிறிய இடைவெளியில் இரவு வானத்தின் ஒளி மிகக் குறைவாகவே உள்ளே வரும். மழையின் ஒளி அதற்கு மேல் எழுந்து நிற்கும். எவ்வளவு பெரிய கண்ணாடி வைத்தாலும் இந்த வேகம் இல்லையென்றால் பயனில்லை.

இந்த எண்ணம் தோன்றிய வரலாற்றை மாணவர்களுக்குச் சொல்லலாம். இரவு வானத்தின் ஒளியில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு, விண்ணிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களான அண்டக் கதிர்கள் காற்றில் விளைவிக்கும் செரென்கோவ் ஒளியாக இருக்க வேண்டும் என்று 1948-இல் பிளாக்கெட் என்ற இயற்பியலாளர் கணித்தார். இங்கிலாந்தின் ஹார்வெல்லில் கால்பிரைத், ஜெல்லி என்ற இருவர் அதைச் சோதித்துப் பார்த்து 1953-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் பயன்படுத்தியது 25 சென்டிமீட்டர் கண்ணாடி ஒன்று, போட்டோமல்டிபிளையர் குழாய் ஒன்று, வெளிச்சம் படாமல் இவற்றை உள்ளே வைக்க ஒரு குப்பைத் தொட்டி. அதற்குள்தான் அந்த ஒளித் துடிப்புகள் முதன்முதலில் பதிவாயின.

ஆனால் குப்பைத் தொட்டியிலிருந்து உண்மையான காமா கதிர் வானியலுக்கு வருவதற்கு முப்பத்தாறு ஆண்டுகள் ஆயின. காரணம், ஐயா கேட்ட அதே கேள்வி: இது காமா கதிர்தானா? பூமியின் மீது விழும் அண்டக் கதிர்களில் பெரும்பாலானவை புரோட்டான்கள். அவையும் காற்றில் இதே போன்ற மழையை உண்டாக்குகின்றன. எண்ணிக்கையிலும் காமா கதிர்களை ஆயிரம் மடங்குக்கு மேல் விஞ்சுகின்றன. நெல் அளக்கும் களத்தில் ஆயிரம் பதருக்கு ஒரு மணி என்றால் எப்படித் தூற்றுவது என்பதுதான் சிக்கல்.

தூற்றும் வழியை 1985-இல் ஹில்லாஸ் என்ற இயற்பியலாளர் தெளிவாக வகுத்துக் காட்டினார். பல குழாய்களை அருகருகே அடுக்கி, மழையின் ஒளியை ஒரு படமாகவே எடுக்க வேண்டும். காமா கதிர் விளைவிக்கும் மழை ஒல்லியானது. கேமராவில் அது ஒரு நெல்மணியைப் போல மெல்லிய நீள்வட்டமாகப் பதியும், அந்த நீள்வட்டத்தின் நீளவாக்கு கதிர் வந்த மூலத்தை நோக்கி இருக்கும். புரோட்டானின் மழையில் துணைக்கிளைகள் பிரிந்து சிதறுவதால் படம் அகன்றும் சிதைந்தும் இருக்கும். புரோட்டான் மழையில் பிறக்கும் மியூவான் என்ற துகள் ஒன்று தொலைநோக்கியின் மேலேயே வந்து இறங்கினால் முழு வட்ட வளையமாகப் பதியும். அந்த வளையங்களைக் கொண்டே கருவியின் உணர்திறனைச் சரிபார்த்துக்கொள்கிறோம். இரவுப் பணியில் திரையில் இவை ஒன்றன் பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும். ஒழுங்கற்ற திட்டுகள் பல நூறு கடந்த பின் கூர்மையான ஒரு நீள்வட்டம் வரும்போது, அது உண்மையில் காமா கதிர்தான் என்று அந்த ஒன்றை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்று தெரிந்திருந்தும், மனம் ஒரு கணம் நின்றுபோகும்.

இந்த முறையில் அமெரிக்காவின் அரிசோனாவில் இருந்த விப்பிள் 10 மீட்டர் தொலைநோக்கி, வெடித்த விண்மீனின் எச்சமான நண்டு நெபுலாவை ஐயத்துக்கு இடமின்றிக் கண்டதாக 1989-இல் அறிவித்தது. அதற்குப் பல பத்து மணி நேர நோக்கு தேவைப்பட்டது. இன்று நமீபியாவில் உள்ள ஹெஸ் தொலைநோக்கி அணி அதே நெபுலாவை ஒரு நிமிடத்துக்குள் கண்டுவிடும்.

பாலாற்றங்கரை | ஞாயிறு, காலை 11:30

தம்பிக்கு நன்றி. நண்டு நெபுலாவிலிருந்து ஒரு டெராவுக்கு மேற்பட்ட கதிர்கள் எத்தனை வருகின்றன என்ற எண்ணை மட்டும் தந்தால் மீதியை நானே போட்டுப் பார்க்கிறேன்.

பனிமலைப் பணி | ஞாயிறு, காலை 11:42

ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஆறு, ஐயா.

பாலாற்றங்கரை | ஞாயிறு, பகல் 12:20

கணக்கு இதோ. விண்வெளியில் ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள கருவியை அனுப்பி, அது வேறெங்கும் திரும்பாமல் அந்த நெபுலாவையே பார்த்துக்கொண்டிருந்தாலும், இரண்டு மாதத்துக்கு ஒரு கதிர்தான் கிடைக்கும். 120 மீட்டர் ஆரம் கொண்ட வட்டத்தின் பரப்பு சுமார் 45,000 சதுர மீட்டர். அந்த வட்டத்துக்குள் எங்கே மழை விழுந்தாலும் தொலைநோக்கிக்கு ஒளி கிடைக்கும் என்பதால், கருவியின் பரப்பு கண்ணாடியின் பரப்பு அன்று, வட்டத்தின் பரப்பு. ஆறை 45,000-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 2,70,000. அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒன்று.

இரண்டு மாதத்துக்கு ஒன்று எங்கே, இரண்டு நிமிடத்துக்கு ஒன்று எங்கே! தடை என்று நான் நினைத்திருந்த காற்று, கருவியை இத்தனை மடங்கு பெரிதாக்கித் தருகிறது என்பதை இந்த ஒரு பெருக்கலில்தான் உணர்ந்தேன். மாணவிக்கு இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுமாறு ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏலகிரி இரவு | ஞாயிறு, பிற்பகல் 3:05

நண்பர்களுக்கு வணக்கம். ஜோலார்பேட்டையில் இருக்கிறேன்; எட்டு அங்குலத் தொலைநோக்கியோடு வாய்ப்புக் கிடைக்கும் இரவுகளில் ஏலகிரிக்குச் செல்பவன். இரண்டாவது கேள்வியை யாரும் இன்னும் தொடவில்லை. என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

நம் பகுதியில் ஆவணி முதல் மார்கழி வரை வானத்தை நம்ப முடியாது. தென்மேற்குப் பருவக்காற்றின் மேகம் விலகுவதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. தை பிறந்து சித்திரை வரை கிடைக்கும் இரவுகளே நமக்கு மிச்சம். அவற்றிலும் அடிவானத்தில் ஆம்பூர், வாணியம்பாடியின் விளக்கொளியும் நெடுஞ்சாலையின் ஒளியும் ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்து வருவதை என் கண்ணாலேயே பார்க்கிறேன். பத்து ஆண்டுகளுக்கு முன் ஏலகிரியிலிருந்து வடகிழக்கே கீழ்வானத்தில் எளிதாகத் தெரிந்த விண்மீன்களை இன்று தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் செய்தி. காவலூர் 725 மீட்டர் உயரம். ஹான்லே 4,270 மீட்டர். உயரம் கூடக் கூட எல்லாமே நல்லதுதானே? ஆகவே விடை எளிது என்று நினைக்கிறேன்.

பனிமலைப் பணி | ஞாயிறு, இரவு 8:30

அண்ணா சொன்ன மேகமும் வெளிச்சமும் முற்றிலும் சரி. செரென்கோவ் தொலைநோக்கிகள் பெரும்பாலும் நிலவில்லாத, தெளிந்த இரவுகளில் இயங்குவன. நல்ல இடத்திலேயே ஆண்டுக்கு ஆயிரம் மணி நேரம் கிடைப்பது பெரிது. ஹான்லே வறண்ட குளிர்ப் பாலைவனம். அங்கே பருவமழையின் தாக்கம் நம் ஊரோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு.

"உயரம் கூடக் கூட எல்லாமே நல்லது" என்பதில் மட்டும் மாறுபடுகிறேன். உயரத்துக்குச் சென்றால் மழையின் உச்சிக்கு அருகில் செல்கிறோம். ஒளி வட்டம் சுருங்கி அடர்த்தியாகிறது. அதனால் குறைந்த ஆற்றல் கொண்ட கதிர்களின் மங்கலான மழையையும் பிடிக்க முடிகிறது. ஹான்லேயில் 2024 அக்டோபர் 4 அன்று தொடங்கி வைக்கப்பட்ட மேஸ் தொலைநோக்கிக்கு 21 மீட்டர் விட்டமும், 1,088 குழாய்கள் கொண்ட கேமராவும் உண்டு. 20 ஜிகா அளவிலிருந்தே கதிர்களைக் காணும் நோக்கத்தோடு பாபா அணு ஆராய்ச்சி மையம் அதை அமைத்தது. உலகில் இவ்வகைத் தொலைநோக்கிகளில் மிக உயரத்தில் இருப்பது அதுவே. அதே இடத்தில் அதற்கு முன்பிருந்தே ஏழு தொலைநோக்கிகள் கொண்ட ஹகர் அணியும் இயங்கி வந்தது. ஆனால் பல பத்து டெரா ஆற்றல் கொண்ட அரிய கதிர்களுக்கு ஒளி ஏராளமாக உண்டு, எண்ணிக்கைதான் குறைவு. அவற்றுக்கு வேண்டியது பரப்பு, உயரம் அன்று. நமீபியாவின் ஹெஸ் 1,800 மீட்டர் உயரத்தில் இருந்துகொண்டே இத்துறையில் மிகச் சிறந்த பணிகள் பலவற்றைச் செய்தது.

அடுத்து அகலாங்கு. நம் பால்வெளி மண்டலத்தின் மையம் தனுசு ராசியில், மூல நட்சத்திரத்துக்குக் கிழக்கே, வான நடுக்கோட்டுக்கு 29 பாகை தெற்கில் இருக்கிறது. ஹெஸ் இருக்கும் இடத்தில் அது உச்சியின் அருகே வருகிறது. 2004 முதல் 2013 வரை ஏறத்தாழ 2,700 மணி நேரம் பால்வெளித் தளத்தை அலசி, 78 மூலங்களை அந்த அணி பட்டியலிட முடிந்ததற்கு அந்த இருப்பிடம் ஒரு முக்கியக் காரணம். வேலூரிலிருந்து அந்த மையம் உச்சியிலிருந்து 42 பாகை சாய்வில் தெரியும்; ஹான்லேயிலிருந்து 62 பாகை சாய்வு. ஆகவே நம் மண்டலத்தின் மையத்தை மட்டும் வைத்துக் கேட்டால், மாணவியின் கேள்விக்கு வலு உண்டு: நம் மலை ஹான்லேயைவிட நல்ல திசையில் இருக்கிறது. நண்டு நெபுலாவுக்கோ இரண்டு இடமும் ஏறத்தாழச் சமம். இங்கே உச்சிக்கு ஒன்பது பாகை வடக்கே, அங்கே பதினொரு பாகை தெற்கே.

"உயரம் போதாது" என்ற பதிலுக்குப் பதிலாக, "திசை நல்லது, வானம் போதாது" என்று சொன்னால் உண்மைக்கு நெருக்கமாக இருக்கும், ஆசிரியர் ஐயா.

ஆலங்காயம் ஆசிரியர் | ஞாயிறு, இரவு 9:10

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. என் பதில் அவளுக்கு ஏன் போதவில்லை என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

இன்னும் ஒன்று கேட்கிறேன். 78 மூலங்கள் என்றீர்கள். அவை என்ன? விண்மீன்களா? சூரியன் போன்ற ஒரு விண்மீன் இவ்வளவு ஆற்றலை ஒரே கதிரில் திரட்டித் தர இயலாதே?

பனிமலைப் பணி | ஞாயிறு, இரவு 10:50

இயலாது, ஐயா. வெப்பத்தால் ஒளிரும் எந்தப் பொருளும் இந்த ஆற்றலை எட்டாது. துகள்களை முடுக்கிவிடும் ஏதோ ஓர் இயக்கம் அங்கே இருந்தாக வேண்டும்; முடுக்கப்பட்ட துகள்கள் அருகில் உள்ள வாயுவிலோ ஒளியிலோ மோதி இக்கதிர்களை வெளிவிடுகின்றன.

நம் மண்டலத்தில் அடையாளம் காணப்பட்டவற்றில் மிகுதியானவை பல்சர் காற்று நெபுலாக்கள், அதாவது வேகமாகச் சுழலும் பல்சர் என்ற செத்த விண்மீனைச் சுற்றிய துகள் மேகங்கள். நண்டு நெபுலா அதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு. 1054-இல் சீனர்கள் பதிவு செய்த சூப்பர்நோவா வெடிப்பின் எச்சம் அது. நடுவில் ஒரு பல்சர் வினாடிக்கு முப்பது முறை சுழல்கிறது. அதன் சுழற்சி ஆற்றல் எலக்ட்ரான்களை முடுக்குகிறது. அடுத்து சூப்பர்நோவா எச்சங்களின் ஓடுகள். விருச்சிகத்தில், தேளின் வால் பகுதியில், ஆர்எக்ஸ் ஜே1713 என்று குறிக்கப்படும் ஓர் எச்சம் உண்டு. 2004-இல் ஹெஸ் அதன் வட்ட வடிவ ஓடு முழுவதையுமே காமா கதிரில் படமாக எடுத்தது. இந்த ஆற்றலில் ஒரு விண்பொருளின் உருவம் கண்ணுக்குத் தெரிந்தது அதுவே முதல் முறை. இரட்டை விண்மீன்களும் உண்டு: எல்எஸ் 5039 என்பதில் 3.9 நாளுக்கு ஒருமுறை கதிர் கூடிக் குறைகிறது. 2021 ஆகஸ்டில் ஆர்எஸ் ஓபியூச்சி என்ற நோவா (திடீரென வெடித்து ஒளிரும் விண்மீன்) வெடித்தபோது ஹெஸ், ஸ்பெயினின் கேனரித் தீவில் உள்ள மேஜிக் ஆகிய இரு அணிகளும் அதிலிருந்து மிக உயர் ஆற்றல் கதிர்களைக் கண்டன. ஒரு நோவாவில் இவ்வாறு காண்பது அதற்கு முன் நடந்ததில்லை.

இவற்றையெல்லாம் தேடுவதற்குப் பின்னால் ஒரு பழைய கேள்வி இருக்கிறது. 1912-இல் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறி அண்டக் கதிர்களைக் கண்டறிந்தார். அவை எங்கே பிறக்கின்றன என்பதற்கு நூறாண்டு கடந்தும் முழு விடை இல்லை. அவை மின்னூட்டம் உள்ளவை. மண்டலத்தின் காந்தப்புலத்தில் வளைந்து வளைந்து வருவதால் வந்த திசையை இழந்துவிடுகின்றன. காமா கதிருக்கு மின்னூட்டம் இல்லை. புறப்பட்ட இடத்திலிருந்து நேராக வருகிறது. எனவே காமா கதிரின் மூலத்தைக் கண்டால் முடுக்கியைக் கண்டதாகும். ஆனால் முடுக்கப்பட்டது புரோட்டானா, எலக்ட்ரானா என்பதுதான் வழக்கு. புரோட்டான் வாயுவில் மோதினால் பையான் என்னும் குறுவாழ்வுத் துகள்கள் பிறந்து அவை காமா கதிராகச் சிதையும். எலக்ட்ரான் ஒளித்துகளில் மோதினாலும் அதே ஆற்றலுள்ள காமா கதிர் கிடைக்கும். ஆர்எக்ஸ் ஜே1713 பற்றி இரு தரப்பும் இருபது ஆண்டுகளாக வாதிட்டு வருகின்றன. கேசியோப்பியா ஏ என்ற இளம் எச்சம் மிக உயர்ந்த ஆற்றல் வரை புரோட்டான்களை முடுக்கும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். 2017-இல் மேஜிக் அணி, அதன் கதிர்வீச்சு சில டெராவுக்கு மேல் விரைவாகச் சரிந்துவிடுவதைக் காட்டியது.

2021-இல் சீனாவின் 4,410 மீட்டர் உயரத்தில் உள்ள லாசோ அணி, நம் மண்டலத்தில் பன்னிரண்டு மூலங்களிலிருந்து 100 டெராவுக்கு மேற்பட்ட கதிர்களைக் கண்டதாக அறிவித்தது. அவற்றில் ஒரு கதிர் 1.4 பீட்டா எலக்ட்ரான் வோல்ட், அதாவது 1,400 டெரா. லாசோவின் முறை வேறு: அது மழையின் துகள்களையே தரையில் பிடிக்கிறது, பகலிலும் மேகத்திலும் இயங்கும். அம்முறைக்கு உறவான அணி ஒன்று நம் மாநிலத்திலேயே ஊட்டியில் இருக்கிறது. கிரேப்ஸ்-3 என்று பெயர், 2,200 மீட்டர் உயரம். இந்தியாவில் செரென்கோவ் ஒளி வழியே காமா கதிர்களைத் தேடும் முயற்சியும் 1969-இல் ஊட்டியில்தான் டாடா ஆய்வு நிறுவனத்தாரால் தொடங்கப்பட்டது என்பதை மாணவர்களிடம் அவசியம் சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை | திங்கள், காலை 5:40

ஒரே ஓர் எச்சரிக்கை. பிழையான பதிவுகள் இத்துறையில் நிகழ்ந்ததே இல்லையா? வெற்றிகளை மட்டும் கேட்டால் மாணவர்களுக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும்.

கதிர்அளவி | திங்கள், காலை 6:30

நிகழ்ந்திருக்கிறது, ஐயா, கல்லூரியில் படித்தபோது எங்களுக்குப் பாடமாகவே சொன்னார்கள். 1983-இல் ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள், சிக்னஸ் எக்ஸ்-3 என்ற இரட்டை விண்மீனிலிருந்து பீட்டா அளவு ஆற்றலில் கதிர்கள் வருவதாக அறிவித்தார்கள். பல குழுக்கள் தாங்களும் கண்டதாகக் கூறின. 1990களில் மிகப் பெரிய, நுட்பமான அணிகள் அதே மூலத்தைப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. ஆயிரத்தில் ஒன்றைத் தேடும்போது, விரும்புகிற ஒன்றைக் கண்டுவிடுவது எளிது. எங்கள் பிரிவில் ஒரு நோயாளியின் படத்தை எடுப்பதற்கு முன் ஒவ்வொரு காலையும் வெற்று அறையின் பின்னணிக் கதிர்வீச்சை அளந்து எழுதி வைப்போம். மூலம் இல்லாத திசையையும் அதே நேரம் பார்த்து, அந்த எண்ணைக் கழித்த பின்னரே இத்தொலைநோக்கிகளும் முடிவு சொல்கின்றன.

ஏலகிரி இரவு | திங்கள், காலை 7:15

காவலூர் இந்தப் பணியில் ஒன்றுமே செய்ய முடியாதா என்று மாணவி கேட்டால் என்ன சொல்வது?

பனிமலைப் பணி | திங்கள், காலை 7:50

செய்ய முடியும், அண்ணா. ஹெஸ் ஜே0632 என்று ஒரு மூலம் இருக்கிறது. ஏறத்தாழ 316 நாள் சுற்றுக்காலம் கொண்ட இரட்டை. அதன் துணை, சுற்றிலும் வாயுத் தட்டு கொண்ட ஒரு பிஇ வகை விண்மீன். அது வான நடுக்கோட்டுக்கு ஆறு பாகை வடக்கில் இருப்பதால் காவலூரில் ஏறத்தாழ உச்சியிலேயே கடக்கிறது. தட்டு எப்போது பெருக்கிறது, எப்போது சுருங்குகிறது என்பதைக் காமா கதிர் சொல்லாது. ஹைட்ரஜனின் சிவப்பு வரி சொல்லும். அந்த வரியை அளக்கும் நிறமாலைமானி காவலூரின் 2.3 மீட்டர் தொலைநோக்கியில் இருக்கிறது. ஒரே விண்பொருளை அங்கே நீல மின்னலாகவும் இங்கே சிவப்பு வரியாகவும் பார்த்தால்தான் கதை முழுமையாகும்.

ஆலங்காயம் ஆசிரியர் | புதன், இரவு 9:45

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். திங்களன்று தணிக்கை ஐயாவின் பெருக்கலைக் கரும்பலகையில் போட்டேன். வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. பிறகு 120 மீட்டர் என்பது எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள்.

இன்று மாலை பள்ளிக்குப் பின்னால், அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும் வயலில், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, கிணற்றுக் கயிறுகளை முடிந்து 120 மீட்டர் பக்கம் கொண்ட ஒரு சதுரத்தை அளந்தோம். ஹெஸ் அணியின் நான்கு 12 மீட்டர் தொலைநோக்கிகள் அந்த அளவுள்ள சதுரத்தின் மூலைகளில்தான் நிற்கின்றன என்று படித்திருந்தேன். மூலைக்கு ஒருவராக நான்கு மாணவர்கள் விரித்த குடையைக் கவிழ்த்துப் பிடித்து நின்றார்கள். வயலின் ஓரத்தில் நின்ற ஒற்றைத் தென்னையை வானிலிருந்து இறங்கும் மழை என்று வைத்துக்கொண்டோம். முதல் மாணவனிடம் மட்டும் கேட்டேன். தென்னை இருக்கும் திசையைக் காட்டினான், தூரத்தைச் சொல்ல முடியவில்லை. இரண்டாவது மாணவி தன் திசையில் கயிற்றை நீட்டியதும் இரண்டு கயிறுகளும் தென்னையின் அடியில் வெட்டிக்கொண்டன. மற்ற இருவரின் கயிறுகளும் அதே இடத்துக்கு வந்தன. ஒன்று மட்டும் இரண்டு அடி விலகியது, கயிறு வரப்பில் சிக்கியிருந்தது. ஒரே தொலைநோக்கி போதாமல் பலவற்றை ஏன் நிறுத்துகிறார்கள் என்பதை அதன் பின் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பேருந்தில் கேள்வி கேட்ட மாணவி மட்டும் குடை கிடைக்காமல் நின்றாள். 2012-இல் சதுரத்தின் நடுவில் 28 மீட்டர் விட்டத்தில் ஐந்தாவது தொலைநோக்கி ஒன்றைச் சேர்த்தார்கள், குறைந்த ஆற்றல் கதிர்களின் மங்கலான ஒளிக்கு அவ்வளவு பெரிய கண்ணாடி தேவைப்பட்டது என்று சொன்னேன். ஊரில் காய்கறிக் கடைக்கு மேல் கட்டும் பெரிய குடையைக் கேட்டு வாங்கி வந்து, நான்கு பேர் சேர்ந்து தூக்கி, நடுவில் அவள் கையில் கொடுத்தார்கள்.